‘ஆன் தி அதர் ஹேண்ட்’: மறுபுறம் என்றால் எந்தப் புறம்?

கிள்ளானில் ஒரு மாணவி மூவெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்கள் பகுதி நேர வேலை செய்யலாமா என்பது கட்டுரைத் தலைப்பு. அவள் எழுதுகிறாள்:

“பார்ட் டைம் வொர்க் கிவ்ஸ் ஸ்டூடன்ட்ஸ் மணி. ஆன் தி அதர் ஹேண்ட், இட் கிவ்ஸ் தெம் எக்ஸ்பீரியன்ஸ்.”

எழுத்துப் பிழை இல்லை. வினைச்சொல்லும் சரி. காற்புள்ளியும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனாலும் இந்த இரண்டு வரிகளில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. வேலை பணம் தருகிறது, அது நன்மை. வேலை அனுபவம் தருகிறது, அதுவும் நன்மை. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்று படித்தவுடன், அடுத்து ஒரு பாதகம் வரப்போகிறது என்று தேர்வாளர் எதிர்பார்க்கிறார். வந்ததோ இன்னொரு சாதகம். அவர் தாம்தான் தவறாகப் படித்துவிட்டோமோ என்று திரும்ப மேலே போய்ப் பார்க்கிறார்.

இந்தத் தொடரைத் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமல்ல, வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பெரியவர்களும், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மனு எழுதுபவர்களும் தவறாகப் பயன்படுத்துவதுண்டு. காரணம் சோம்பலோ கவனக்குறைவோ அல்ல. காரணம் தமிழிலேயே இருக்கிறது.

தமிழ் ‘மறுபுறம்’ செய்யும் இரண்டு வேலைகள்

“ஒருபுறம் விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, மறுபுறம் பிள்ளைகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரிக்கிறது.” இது நல்ல தமிழ். இங்கே இரண்டும் சுமைதான். ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. “ஒரு பக்கம் மழை, இன்னொரு பக்கம் காற்று” என்று தோட்டத்தில் பேசுவதும் அப்படித்தான்.

“ஒருபுறம் சம்பளம் அதிகம், மறுபுறம் வீட்டிலிருந்து தூரம் அதிகம்.” இதுவும் நல்ல தமிழ். இங்கே ஒன்று சாதகம், ஒன்று பாதகம்.

ஆக, தமிழில் ‘மறுபுறம்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது. சில நேரம் அடுக்குகிறது. சில நேரம் எதிர்நிறுத்துகிறது. எது என்பதைக் கேட்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கில எழுத்து நடையில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்பதற்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கு ஒரே வேலைதான்: முன்னே சொன்னதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டுவது. ‘மறுபுறம்’ என்று மனத்தில் நினைத்துக்கொண்டு நேராக அதை ஆங்கிலத்தில் இறக்கினால், பாதி நேரம் சரியாக அமையும். மீதி நேரம் தவறாகிவிடும்.

பள்ளியில் தினமும் புழங்கும் மலாய்மொழியும் இதில் உதவக்கூடும். மலாயில் ஒரு கருத்தோடு இன்னொன்றைச் சேர்க்க ‘செலாயின் இத்து’ என்றும், எதிரானதைச் சொல்ல ‘செபாலிக்ஞா’ என்றும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ‘செலாயின் இத்து’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வரவே கூடாது. அதேபோல் இரண்டு தகவல்களை வெறுமனே அருகருகே வைக்கும் ‘மனகாலா’ என்ற சொல்லுக்கும் இது சரியான ஈடு அல்ல. “அண்ணன் ஆசிரியர், தம்பி மெக்கானிக்” என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘அண்ட்’ அல்லது ‘வைல்’ போதும்.

கை என்றால் பக்கம்

இந்தத் தொடரில் வரும் ‘ஹேண்ட்’ என்பதற்கு இங்கே பக்கம் என்று பொருள். தமிழிலும் “சோத்தாங்கைப் பக்கம் திரும்பு” என்று வழி சொல்கிறோம். கை அங்கே திசையைத்தான் குறிக்கிறது. ஒரே மனிதனுக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதுபோல, ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கங்கள். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு விதிகள் தாமாகவே புரியும்.

முதலாவது, விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். பகுதி நேர வேலையைப் பற்றித் தொடங்கிவிட்டு, மறுபுறம் என்று கைப்பேசியைப் பற்றிப் பேச முடியாது.

இரண்டாவது, பக்கங்கள் எதிரெதிராக இருக்க வேண்டும். சாதகம்–பாதகம், ஆதரவு–எதிர்ப்பு, ஆசை–தடை என்று ஏதாவது ஓர் இழுபறி வேண்டும்.

மூன்றாவது, இரண்டு கைகள்தான். ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்று தொடங்கினால் வாசகர் அடுத்த கைக்காகக் காத்திருப்பார். அதை விட்டுவிடக் கூடாது. முதல் கையைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் எழுதலாம், அது தவறில்லை. ஆனால் இரண்டாவது முறையும் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ போட்டு மூன்றாவது கருத்தைக் கொண்டுவந்தால் அந்த மனிதனுக்கு மூன்று கைகள் முளைத்துவிடும்.

நான்காவது, இரண்டு பக்கமும் உண்மையாக இருக்க வேண்டும். வேலை பணம் தருவதும் உண்மை, படிப்பு நேரத்தைத் தின்பதும் உண்மை. ஒன்றை ஏற்றுக்கொண்டே மற்றதைச் சொல்வதுதான் இந்தத் தொடரின் குணம்.

கிள்ளான் மாணவியின் வரியைத் திருத்துவது எளிது. நன்மையோடு நன்மையைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘இட் ஆல்சோ கிவ்ஸ் தெம் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எழுதலாம். ‘இன் அடிஷன்’ என்றும் தொடங்கலாம். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வேண்டுமென்றால் அதன் பின்னே பாதகம் வர வேண்டும்: “ஆன் தி அதர் ஹேண்ட், இட் டேக்ஸ் டைம் அவே ஃப்ரம் தெயர் ஸ்டடீஸ்.” அதாவது, ஆனால் அது படிப்புக்கான நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

சின்னச் சொற்களில் சறுக்கல்

தொடரின் பொருள் தெரிந்த பிறகும் அதன் வடிவத்தில் சிலர் தடுமாறுவதுண்டு.

‘ஆன்’ என்பதற்குப் பதில் ‘இன்’ போடுவது ஒன்று. “இன் தி அதர் ஹேண்ட்” என்று எழுதினால் உண்மையான கையைக் குறித்துவிடும். ஒரு கையில் கைப்பேசி, இன்னொரு கையில் தே தாரிக் என்று உணவகப் பணியாளரை வருணிக்கும்போதுதான் அது பொருந்தும்.

‘தி’ என்பதை விட்டுவிடுவது இன்னொன்று. ‘ஆன் அதர் ஹேண்ட்’ என்று எழுதக் கூடாது. ‘அதர்’ முன்னே ‘தி’ கட்டாயம். முதல் பாதியில் ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’, ‘ஆன் ஒன் ஹேண்ட்’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. தேர்வுக் கட்டுரைக்கும் அலுவல் கடிதத்துக்கும் ‘தி’ சேர்ந்த வடிவமே பாதுகாப்பானது.

‘ஹேண்ட்ஸ்’ என்று பன்மையாக்குவதும் தவறு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கைதான்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் தொடருக்குப் பின் காற்புள்ளி வேண்டும். நடுவிலும் இதை வைக்கலாம். அப்போது இரு பக்கமும் காற்புள்ளி. “மை பிரதர் லைக்ஸ் டீ. ஐ, ஆன் தி அதர் ஹேண்ட், பிரிஃபர் காஃபி.” இரண்டு ஆட்களை எதிரெதிரே நிறுத்தும்போது இந்த அமைப்பு அழகாகப் பொருந்தும். இங்கேயும் ஒரே விஷயம்தான் பேசப்படுகிறது: யாருக்கு எது பிடிக்கும் என்பது.

‘ஆன் தி காண்ட்ரரி’ வேறு ஆள்

இதுவரை சொன்னது மதிப்பெண் போகும் பிழை. இனி வருவது கடிதத்தின் பொருளையே கவிழ்க்கும் பிழை.

‘ஆன் தி காண்ட்ரரி’ என்பதை ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்பதன் இரட்டைப் பிள்ளை என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் எதிர்மறைச் சாயல் இருப்பதால் வரும் குழப்பம் அது. ஆனால் வேறுபாடு பெரிது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வந்தால் முன்னே சொன்னதும் நிற்கும், பின்னே சொல்வதும் நிற்கும். ‘ஆன் தி காண்ட்ரரி’ வந்தால் ஒரு கூற்று விழுந்துவிடும். அது பொய், உண்மை இதுதான் என்று மறுக்கும் தொடர் அது. “அப்படி இல்லவே இல்லை, சொல்லப்போனால்” என்பது அதற்கு நெருக்கமான தமிழ்.

“தைப்பூசக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், மாறாக, அப்போதுதான் அங்கே கூட்டம் அதிகம்.” இங்கே ‘ஆன் தி காண்ட்ரரி’ சரி. அமைதி என்ற எண்ணம் மறுக்கப்படுகிறது.

“பிரிக்பீல்ட்ஸ் சாலைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், ஆனால் கேஎல் சென்ட்ரல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது.” இங்கே ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ சரி. கார் நிறுத்தச் சிரமம் என்பதும் உண்மை, ரயில் வசதி என்பதும் உண்மை.

இப்போது ஒரு மனுவைப் பார்ப்போம். கூரை ஒழுகும் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் வீட்டு உரிமையாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகின்றன என்று வைத்துக்கொள்வோம்:

“வி ஹேவ் ஆல்வேஸ் பெய்ட் தி ரெண்ட். ஆன் தி காண்ட்ரரி, தி ரூஃப் ஹேஸ் நாட் பீன் ரிபேர்ட்.”

எழுதியவர் சொல்ல நினைத்தது, நாங்கள் வாடகையைத் தவறாமல் கட்டிவிட்டோம், நீங்கள் கூரையைப் பழுது பார்க்கவில்லை என்பது. கடிதத்தில் நிற்பதோ வேறு. வாடகை எப்போதும் கட்டினோம் என்ற முதல் வாக்கியத்தை இரண்டாவது வாக்கியம் மறுக்கக் கிளம்புவதுபோல் தொடங்குகிறது. தங்கள் பக்கத்து வலுவான சாட்சியத்தைத் தாங்களே ஆட்டிப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. அங்கே ‘ஆன் தி காண்ட்ரரி’ என்பதை எடுத்துவிட்டு ‘பட்’ அல்லது ‘யெட்’ போட்டால் போதும். நியாயம் பளிச்சென்று தெரியும்.

வேலை விண்ணப்பத்திலும் இதே ஆபத்து உண்டு. “ஐ ஹேவ் எ டிப்ளோமா இன் லாஜிஸ்டிக்ஸ். ஆன் தி அதர் ஹேண்ட், ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் போர்ட் கிளாங்.” டிப்ளோமாவும் தகுதி, துறைமுக அனுபவமும் தகுதி. இடையில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ வந்ததால் டிப்ளோமா ஏதோ குறைபோலவும் அனுபவம் அதற்கு ஈடுகட்டுவதுபோலவும் தொனிக்கிறது. ‘ஐ ஆல்சோ ஹேவ்’ என்று எழுதியிருந்தால் இரண்டு தகுதிகளும் ஒன்றாக எடை கூடியிருக்கும்.

தேர்வு அறையில்

2021 முதல் மூவெட் தேர்வு சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித் தர அளவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதன் எழுத்துத் தாளில் ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதமும், குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரையும் உண்டு. எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத் தாளிலும் 80 சொற்கள் அளவிலான மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் வழிகாட்டிக் கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் நீள் எழுத்து என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன. இவ்வளவு சிறிய கட்டுரையில் ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ ஒரு முறை வந்தால் போதும். பத்திக்கு ஒன்று என்று தூவினால், மனப்பாடம் செய்த சொற்பட்டியல் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இது மலேசிய மாணவர்களின் சிக்கல் மட்டுமல்ல. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்கள் இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறியும் பொருள் தவறியும் பயன்படுத்துவதைப் பற்றி டபிள்யூ. ஜே. குரூ என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1990-ஆம் ஆண்டில் ‘இஎல்டி ஜர்னல்’ என்ற ஆசிரியர் இதழில் எழுதினார். இணைப்புச் சொல்லை ஒட்டவைப்பதால் மட்டும் இரண்டு கருத்துகளுக்கு நடுவே தொடர்பு பிறந்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். தொடர்பு முதலில் எழுதுபவரின் சிந்தனையில் இருக்க வேண்டும். சொல் அதைக் காட்டிக்கொடுக்கும் பலகை மட்டுமே. கிள்ளான் போகும் சாலையில் கோம்பாக் என்று பலகை நட்டால் ஊர் மாறிவிடுமா?

இரு பக்கமும் சொல்லத் தெரிந்தால்

இந்தத் தொடரைச் சரியாகக் கையாளத் தெரிந்தவருக்கு இன்னொரு பலன் உண்டு. எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட்டுத் தன் முடிவை நிறுத்த அவருக்கு வழி கிடைக்கிறது.

இந்தியச் சமூகம் சூடாக விவாதித்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2003-இல் கணிதமும் அறிவியலும் பள்ளிகளில் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கின. பிபிஎஸ்எம்ஐ என்ற அந்தக் கொள்கையைக் கைவிடும் முடிவை அரசாங்கம் 2009-இல் அறிவித்தது; 2012 முதல் படிப்படியாகப் பழைய போதனா மொழிகள் திரும்பின. பிறகு 2016-இல் டிஎல்பி என்ற இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று பெற்றோரும் தமிழ் அமைப்புகளும் வாதிட்டனர்.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், ‘ஆன் தி ஒன் ஹேண்ட்’ என்று தொடங்கி, ஆங்கிலத்தில் கணிதம் அறிவியல் கற்றால் உயர்கல்விக்கு உதவும் என்று பெற்றோர் சிலர் நம்புவதைச் சொல்லலாம். ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்று திரும்பி, தமிழில் கணக்கும் அறிவியலும் கற்பிக்காத பள்ளி எந்த அளவுக்குத் தமிழ்ப்பள்ளியாக இருக்கும் என்ற கவலையைச் சொல்லலாம். இரண்டும் ஒரே விஷயம், எதிரெதிர்ப் பக்கங்கள், இரண்டு கவலையும் மெய்யானவை. நான்கு விதிகளும் பொருந்துகின்றன.

ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அமெரிக்க அதிபர் ஹேரி ட்ரூமன், “ஆன் தி ஒன் ஹேண்ட், ஆன் தி அதர் ஹேண்ட்” என்று இழுத்துக்கொண்டே போன ஆலோசகர்களால் அலுத்துப்போய், ஒரு கை மட்டுமே உள்ள பொருளாதார நிபுணர் வேண்டும் என்று கேட்டதாக வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. இரு பக்கமும் சொன்ன பிறகு, எந்தப் பக்கம் கனம் அதிகம், ஏன் என்று ஒரு வாக்கியத்திலாவது எழுத வேண்டும். தராசை எடுத்தவர் எடையையும் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் தெரியாத அம்மாவும் திருத்தலாம்

பிள்ளையின் ஆங்கிலக் கட்டுரையைத் திருத்த டியூஷன் ஆசிரியர்தான் வேண்டும் என்று பல வீடுகளில் எண்ணம் இருக்கிறது. இந்த ஒரு தொடருக்கு அது தேவையில்லை. காப்பாரிலோ கேரித்தீவிலோ தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வரும் அம்மாவோ தாத்தாவோ, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் படிக்காமலேயே சரிபார்க்க முடியும்.

பிள்ளையைத் தன் கட்டுரையில் அந்த இடத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். ‘மறுபுறம்’ என்ற சொல்லை மட்டும் அனுமதிக்கக் கூடாது. அது இரண்டு வேலையும் செய்யும் சொல் என்பதால் பிழையை மறைத்துவிடும். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி: “அந்த இடத்துல ‘ஆனால்’னு வருமா, ‘அதோட’ன்னு வருமா?”

“வேலை செய்தால் பணம் கிடைக்கும், அதோட அனுபவமும் கிடைக்கும்.” இங்கே ‘அதோட’ வந்துவிட்டது. எனவே ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ தவறு. ‘ஆல்சோ’ போட வேண்டும்.

“வேலை செய்தால் பணம் கிடைக்கும், ஆனால் படிக்க நேரம் இருக்காது.” இங்கே ‘ஆனால்’ வந்தது. ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ போடலாம்.

“வேலை செய்தால் படிப்பு கெடும்னு சொல்றாங்க, அப்படி இல்லவே இல்லை, நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அது கற்றுத் தருது.” இங்கே ஒரு கருத்து மறுக்கப்பட்டுவிட்டது. இதற்குத்தான் ‘ஆன் தி காண்ட்ரரி’.

இந்த மூன்று தமிழ்ச் சொற்களும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. பிள்ளை தயங்காமல் ‘ஆனால்’ என்று சொன்னால், அம்மா தலையாட்டிவிட்டு அடுக்களைக்குப் போகலாம். ‘அதோட’ என்று இழுத்தால், பேனாவை எடுத்து அந்த வரியை மாற்றச் சொல்லலாம்.